நாஸ் பெட்டியின் அட்மின் கணக்குக்கு இரண்டாவது பூட்டு: சினாலஜியில் செய்வது எப்படி?

சினாலஜி நிறுவனத்தின் நாஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வைத்திருக்கும் நண்பர்களிடம், "அட்மினுக்கு டூ ஃபேக்டர் போட்டாச்சா?" என்று, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் பூட்டைப் போட்டாச்சா என்று, கேட்டால் பெரும்பாலும் ஒரு அசட்டுச் சிரிப்புதான் பதில். பாதி சோம்பல், பாதி பயம். "ஃபோன் தொலைந்துபோனால் நானே வெளியே நிற்க வேண்டியதுதானே?" என்பார்கள். நியாயமான பயம்தான், நானும் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன். அதனால் இங்கே பாதி வேலை பூட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

எதற்காக இந்த மெனக்கெடல்? 2019 ஜூலையில் நாஸ் பெட்டிகளின் அட்மின் கணக்குகளைக் குறிவைத்து ஒரு தாக்குதல் நடந்தது. பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். மென்பொருள் ஓட்டை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, எளிதான பாஸ்வேர்டே போதுமாக இருந்தது. 2021 ஆகஸ்டில் ஸ்டெல்த்வொர்க்கர் என்ற பாட்நெட் (களவாகக் கைப்பற்றிய கருவிகளின் படை) இதே பாணியில் கிளம்பியது. இரண்டு முறையும் சினாலஜி நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. சாதாரண பயனர் கணக்கு போனால் அவருடைய கோப்புகளோடு போகும். அட்மின் கணக்கு போனால் ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் முந்தைய நிலைப் பதிவு), பேக்கப் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போக முடியும்.

இனி சொல்வதெல்லாம் சினாலஜி நாஸின் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7 வரிசைக்கு. திரையில் ஆங்கிலத்தில் வரும் மெனு பெயர்களை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். பதிப்புக்குப் பதிப்பு ஒரு சொல் முன்னே பின்னே இருக்கலாம்.

1. கடிகாரத்தைச் சரிபாருங்கள்

வங்கி அனுப்பும் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும். நாஸ் கேட்கும் எண் அப்படி வருவதில்லை. அமைக்கும்போது நாஸும் ஃபோனும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்புறம் இரண்டும் தனித்தனியே அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, 30 வினாடிக்கு ஒரு புது ஆறு இலக்க எண்ணை உருவாக்குகின்றன. ஃபோனில் சிக்னலே இல்லாவிட்டாலும் எண் வரும். ஆனால் இரண்டு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்.

நான் மாட்டியது இங்கேதான். ஒரு நாஸை இணையமே எட்டாத தனி நெட்வொர்க்குக்கு மாற்றியிருந்தேன். மாதங்கள் போகப் போக அதன் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கிவிட்டது. ஃபோனில் வந்த எண்ணை எத்தனை முறை போட்டாலும் 'தவறு' என்றே பதில். ஒரு மணி நேரம் ஃபோனைத் திட்டிக்கொண்டிருந்தேன். வேறொரு லேப்டாப்பில் பழைய லாகின் திறந்தே கிடந்ததால் தப்பித்தேன்.

கண்ட்ரோல் பேனல் → ரீஜனல் ஆப்ஷன்ஸ் → டைம். நேர மண்டலம் சரியா என்று பாருங்கள். கீழே என்டிபி சர்வரோடு (சரியான நேரத்தைத் தரும் சர்வர்) ஒத்திசைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, அப்டேட் நவ் அழுத்துங்கள். பிழை வராமல் முடிய வேண்டும். உங்கள் நாஸுக்கும் இணையம் கிடையாது என்றால், அலுவலக ரௌட்டரோ உள் சர்வரோ என்டிபி தருகிறதா என்று பார்த்து அதன் முகவரியைக் கொடுங்கள். ஃபோனிலும் நேரம் 'தானாக' என்று இருக்கட்டும்.

2. ஆளுக்கொரு அட்மின் கணக்கு

நாலு பேர் ஒரே 'அட்மின்' கணக்கைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். ஒருவர் அமைக்கும்போது திரையில் வரும் க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார், எல்லோரும் ஸ்கேன் செய்துகொள்வார்கள். அந்தப் படத்துக்குள் இருப்பது மேலே சொன்ன ரகசியச் சாவியேதான். குழுவை விட்டுப் போனவர் ஃபோனிலும் அது கிடக்கும்.

கண்ட்ரோல் பேனல் → யூசர் அண்ட் குரூப் போய், நிர்வாகம் செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு திறந்து அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்துவிடுங்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே மாட்டினால் மற்றவர் திறந்துவிடலாம் என்பதற்காகத்தான். நீங்கள் ஒரே ஆள் என்றால் உங்களுக்கே இரண்டாவது கணக்கு ஒன்று வைத்து, அதன் சாவியை வேறொரு கருவியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, 'அட்மின்' என்ற பெயரிலேயே இருக்கும் பழைய கணக்கை முடக்குங்கள். டிஎஸ்எம் 7ஐப் புதிதாக நிறுவியவர்களுக்கு அது ஏற்கெனவே முடங்கித்தான் இருக்கும். பழைய பதிப்பிலிருந்து ஏறி வந்தவர்கள் கண்டிப்பாகப் பாருங்கள்.

3. மின்னஞ்சல் வழி

ஃபோன் கையில் இல்லாத நாளில் அவசர எண்ணை மின்னஞ்சலில் வாங்க முடியும். அதற்கு நாஸ் மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். கண்ட்ரோல் பேனல் → நோட்டிஃபிகேஷன் → ஈமெயில் பகுதியில் அமைத்து, சோதனை மடல் ஒன்று அனுப்பி, அது வந்து சேர்ந்ததைக் கண்ணால் பாருங்கள்.

அந்த மின்னஞ்சல் இதே நாஸில் ஓடும் மெயில் சர்வரில் இருக்கக் கூடாது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும்.

4. உங்கள் கணக்குக்குப் பூட்டு

இப்போதுதான் உண்மையான வேலை. அது சின்னதுதான்.

ஃபோனில் அந்த ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஒரு ஆத்தென்டிகேட்டர் செயலி வேண்டும். சினாலஜி செக்யூர் சைன்இன், கூகுள் ஆத்தென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் எதுவானாலும் சரி. டிஎஸ்எம் திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் ஆள் உருவத்தைத் தொட்டு, பர்சனல் → செக்யூரிட்டி போனால் டூ ஃபேக்டர் ஆத்தென்டிகேஷன் இருக்கும். பாஸ்வேர்டை மறுபடி கேட்கும். பிறகு மூன்று வழிகளைக் காட்டும்.

ஃபோனில் 'ஆம்' என்று தட்டி ஒப்புக்கொள்வது ஒரு வழி. வசதிதான், ஆனால் அடுத்தடுத்து அறிவிப்பு வந்தால் சலிப்பில் விரல் தானாகத் தட்டிவிடும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவர் இப்படித்தான் அங்கே ஒப்பந்தத்தில் வேலை செய்த ஒருவரைக் கோரிக்கை மேல் கோரிக்கையாக அனுப்பிச் சலிக்கவைத்தார். இன்னொரு வழி யூபிகீ போன்ற வன்பொருள் சாவி. மூன்றிலும் உறுதியானது அதுதான். ஆனால் ஹெச்டிடிபிஎஸ்ஸும் ஒரு டொமைன் பெயரும் வேண்டும், ஐபி முகவரியை அடித்து நுழைபவர்களுக்கு வேலை செய்யாது. முதல் முறை செய்பவர்கள் ஆறு இலக்க எண்ணையே தேர்ந்தெடுங்கள்.

க்யூஆர் கோடைச் செயலியால் ஸ்கேன் செய்து, அது காட்டும் எண்ணை டிஎஸ்எம்மில் போட்டால் முடிந்தது. எண் மாறுவதற்கு இரண்டு வினாடிதான் இருக்கிறது என்றால் அவசரப்படாமல் அடுத்த எண்ணுக்குக் காத்திருங்கள். அவசர எண்ணுக்கான மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும்போது நீங்கள் சோதித்த முகவரியையே கொடுங்கள்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரல் முதல் சாவிகளைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதியைத் தருகிறது. அதற்கு முன் ஃபோன் போனால் சாவியும் போனது. இந்த வசதி வேண்டாம் என்பவர்கள், ஸ்கேன் செய்யும்போதே ரகசியச் சாவியைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். பழைய முறைதான், ஆனால் காகிதத்தை இணையம் வழியாக யாரும் திருட முடியாது.

5. ஜன்னலை மூடாமல் சோதியுங்கள்

லாக்அவுட் செய்துவிட்டுச் சோதிக்காதீர்கள். திறந்திருக்கும் ஜன்னல் அப்படியே இருக்கட்டும். இன்னொரு பிரவுசரிலோ இன்காக்னிடோ ஜன்னலிலோ போய் நுழைந்து பாருங்கள். ஏதாவது தகராறு என்றால் பழைய ஜன்னலில் திரும்பி வந்து பூட்டை எடுத்துவிடலாம். 'இந்தக் கருவியை நம்பு' என்ற பொருளில் ஒரு கட்டம் வந்தால், உங்கள் சொந்தக் கணினியைத் தவிர எங்கும் டிக் போடாதீர்கள்.

இரண்டாவது அட்மினும் 4, 5 படிகளைச் செய்து முடிக்கட்டும்.

6. எல்லா அட்மினுக்கும் கட்டாயமாக்குங்கள்

கண்ட்ரோல் பேனல் → செக்யூரிட்டி → அக்கவுண்ட். டூ ஃபேக்டரைக் கட்டாயமாக்கும் பகுதியில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். இன்னும் அமைக்காத அட்மின் அடுத்த முறை நுழையும்போது அமைத்தே ஆக வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஏதாவது ஸ்கிரிப்ட்டோ பேக்கப் மென்பொருளோ அட்மின் கணக்கில் நுழைந்து வேலை பார்க்கிறதா? அது ஆறு இலக்க எண்ணை எங்கே போய் வாங்கும்? அதற்குத் தேவையான கோப்புறைக்கு மட்டும் அனுமதியுள்ள சாதாரண கணக்கு ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

7. பக்கவாட்டுக் கதவுகள்

பலரும் இங்கே வராமலே நிறுத்திவிடுகிறார்கள். நாம் போட்ட பூட்டு டிஎஸ்எம் திரைக்கும் அதன் செயலிகளுக்கும்தான். எஸ்எம்பி (கோப்புறைப் பகிர்வு), எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்), எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை இடுவது) வழியாக வருபவரிடம் அது எண் கேட்காது, பாஸ்வேர்டு மட்டும் போதும். டெர்மினல் அண்ட் எஸ்என்எம்பி பகுதியில் எஸ்எஸ்ஹெச்சை அணையுங்கள், தேவைப்படும் நாளில் மட்டும் திறக்கலாம். எஃப்டிபி பயன்படுத்தாவிட்டால் அதையும் அணையுங்கள். பகிர்வுக் கோப்புறைகளை அன்றாடம் அட்மின் கணக்கில் திறக்காமல், சாதாரண கணக்கிலேயே திறந்து பழகுங்கள். செக்யூரிட்டியில் உள்ள ஆட்டோ பிளாக்கையும் போட்டுவிடுங்கள், தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும் ஐபி தானாக அடைபடும்.

ஃபோன் தொலைந்தால்

முதலில் லாகின் திரையிலேயே வேறு வழியைத் தேர்ந்து மின்னஞ்சலில் அவசர எண் கேளுங்கள். அது நடக்காவிட்டால் இரண்டாவது அட்மின் உள்ளே போய், யூசர் அண்ட் குரூப்பில் உங்கள் கணக்கின் டூ ஃபேக்டரை நீக்கலாம். இரண்டும் கைவிட்டால் பெட்டியின் பின்னால் இருக்கும் ரீசெட் பொத்தான். ஒரு குண்டூசி முனையால் சுமார் 4 வினாடி அழுத்துங்கள், ஒரு பீப் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி அழுத்தினால் டிஎஸ்எம்மை மறுநிறுவல் செய்யும் பாதைக்குப் போய்விடும்.

ஒரு முறை அழுத்துவதால் கோப்புகள் அழியாது. ஆனால் முடக்கிய 'அட்மின்' கணக்கு உயிர்பெறும், நெட்வொர்க் அமைப்பு பழைய நிலைக்குப் போகும், ஃபயர்வாலும் ஆட்டோ பிளாக்கும் அணைந்துவிடும். உள்ளே நுழைந்ததும் இவற்றையெல்லாம் மறுபடி போட்டு, 'அட்மின்' கணக்கை மறுபடி முடக்குங்கள். பெட்டியைத் தொட முடிகிற எவரும் இதைச் செய்யலாம் என்பதால், வரவேற்பறை மேஜைக்கடியில் கிடக்கும் நாஸை இன்றே பூட்டுள்ள அலமாரிக்கு மாற்றுங்கள்.