நாய்க்கு வாங்கியது பூனைக்கு ஆகாது: செல்லங்களுக்கு எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது

வீட்டில் நாயும் பூனையும் சேர்ந்து வளர்கிறதா? அப்படியானால் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் வாங்கி வைத்திருக்கும் மருந்தை இப்போதே எடுத்து, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் இருந்தால் அதைப் பூனைக்குப் போடவே கூடாது. நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இது அதிக அளவில் இருக்கும், நாயின் உடம்பு அதைச் சமாளித்துவிடும், ஆனால் பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, அதனால் உடல் நடுக்கம் தொடங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். "பூனை சின்னதுதானே, பாதி விட்டால் போதும்" என்று நினைத்துத்தான் பலர் இதைச் செய்துவிடுகிறார்கள். அளவைக் குறைத்தால் சரியாகிற விஷயம் இல்லை இது.

நாய்க்கு மருந்து விட்ட அன்று பூனை அதன்மேல் ஒட்டிப் படுப்பதும், அதை நக்குவதும்கூட ஆபத்து. அட்டையில் சொல்லியிருக்கும் நேரம் முடியும்வரை இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். என்னைக் கேட்டால், பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கும் பெர்மெத்ரின் இல்லாத மருந்தாகவே கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. தவறிப்போய்ப் பூனை மேல் பட்டுவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் மென்மையான திரவமும் கொண்டு அந்த இடத்தைக் கழுவிவிட்டு, நடுக்கம் வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. செல்லப் பிராணிகளுக்கென்று விற்கும் பொருட்களில் எது நல்லது என்று பலர் கேட்கிறார்கள், ஆனால் முதலில் கேட்க வேண்டியது இது யாருடைய உடம்புக்கு என்பதுதான். பூனை சின்ன நாய் இல்லை, நாய் ரோமம் உள்ள மனிதனும் இல்லை. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும், பூனையைக் கொன்றுவிடும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில பற்பசைகளிலும் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். லில்லிப் பூவின் மகரந்தத்தைப் பூனை ரோமத்திலிருந்து நக்கினாலும், பூ வைத்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் அதன் சிறுநீரகம் செயலிழக்கும். பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லி வேண்டவே வேண்டாம்.

சரி, தெள்ளுப்பூச்சிக்கு வருவோம். மருந்து போட்டும் போகவில்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். உடம்பில் நம் கண்ணுக்குத் தெரிவது மொத்தத்தில் 5 சதவீதம்தான் இருக்கும், மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் விரிப்பிலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. அதிலும் கூட்டுப்புழு மாதக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, பக்கத்தில் அதிர்வும் உடல் சூடும் தெரிந்ததும் வெளியே வரும். ஆகவே வீட்டில் இருக்கும் எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே சமயத்தில் அவரவர்க்கான மருந்து போட வேண்டும், படுக்கைத் துணிகளை 60 டிகிரி சூட்டில் துவைக்க வேண்டும், வாக்குவம் கிளீனரைத் தினமும் ஓட்டி அந்தத் தூசியை உடனே வெளியே கொட்டிவிட வேண்டும், மூன்று மாதமாவது இடைவிடாமல் மருந்தைத் தொடர வேண்டும். முதல் மாதத்திலேயே நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். சொட்டு மருந்தை ரோமத்தின் மேல் விட்டால் வீண், பிடரியில் ரோமத்தை இரண்டாகப் பிரித்துத் தோல் தெரிகிற இடத்தில், நாக்கு எட்டாத உயரத்தில் விடுங்கள்.

உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம், கையால் நசுக்கவும் கூடாது. வெளியே போய்விட்டு வந்த நாய்க்குக் காது மடலுக்குள்ளும் விரல்களுக்கு நடுவிலும் அக்குளிலும் ஒரு முறை கைவிட்டுத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பூனை மலஜலம் கழிக்கிற மணல் பெட்டி. இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஏனென்றால் பூனையை வீட்டைவிட்டு அனுப்பும் அளவுக்குப் போகிற சண்டைகள் நிறைய இங்கேதான் ஆரம்பிக்கின்றன. பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் அது பழிவாங்கவில்லை, ஒன்று பெட்டி அதற்குப் பிடிக்கவில்லை, இல்லையென்றால் உடம்பு சரியில்லை. கணக்கு இதுதான்: எத்தனை பூனையோ, அதைவிட ஒரு பெட்டி கூடுதல். எல்லாவற்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டி மாதிரிதான், அதனால் வேறு வேறு இடத்தில் வையுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் பெட்டிக்கு இருக்க வேண்டும். கடையில் பூனைக்கென்று விற்கிற பெட்டிகள் பல இதைவிடச் சின்னவை, துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கச் சுவரைத் தாழ்வாக வெட்டி ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டால் அதைவிட நன்றாக இருக்கும். வாசனை சேர்த்த மணல் நம் மூக்குக்காகத் தயாரித்தது, பெரும்பாலான பூனைகளுக்கு வாசனையில்லாத, நைசான, ஈரம் பட்டதும் கட்டியாகிற மணல்தான் பிடிக்கும். மூடி போட்ட பெட்டி பார்க்க அழகு, ஆனால் நாற்றம் உள்ளேயே அடைந்து நிற்கும்.

மணலில் கிடப்பதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அள்ளிவிடுங்கள், இரண்டு தடவை என்றால் இன்னும் நல்லது. இதில் சுத்தம் மட்டும் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் வெளியே வந்தால், அது தொற்றும் நிலைக்கு மாற 1 முதல் 5 நாள் ஆகும், தினமும் அள்ளினால் அதற்கு முன்பே போய்விடும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். இன்னொன்று, அள்ளும்போதுதான் சிறுநீர் பட்ட மணல் கட்டிகள் குறைகிறதா, ரத்தம் தெரிகிறதா என்று கண்ணில் படும். ஆண் பூனை பெட்டிக்குப் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து வந்தால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். நடு ராத்திரியாக இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், மணிக்கணக்கு முக்கியம்.

தரையில் சிறுநீர் போய்விட்டால் என்ஸைம் கலந்த கிளீனர் வாங்கி, பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். அது நாற்றம் தரும் பொருளையே சிதைக்கும், சாதாரண சோப்பு நம் மூக்கை மட்டும் ஏமாற்றும், பூனை மறுபடியும் அதே இடத்துக்கு வரும். அம்மோனியா உள்ளது வேண்டாம், அந்த வாடையே சிறுநீர் மாதிரி இருக்கும். சிறுநீர் மேல் பிளீச் ஊற்றவும் கூடாது, நச்சு வாயு வரும். பீனால் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு விஷம், தரை ஈரமாக இருக்கும்போது அதில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும். டீ ட்ரீ போன்ற எண்ணெய்களும் அப்படித்தான், "இயற்கையானது" என்று எழுதியிருப்பதை நம்பித் தடவிவிடாதீர்கள்.

குளியலுக்கு நம் ஷாம்புவைப் பயன்படுத்தலாமா என்றால், வேண்டாம். நம் தோல் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையானது, நமக்கான ஷாம்பு அதன் தோலை வறளவைத்து அரிப்பைக் கொடுக்கும். நாய்க்கென்று உள்ளதை வாங்கி, சோப்பு துளியும் தங்காமல் அலசுங்கள், பாதி அரிப்பு சரியாக அலசாததால்தான் வருகிறது. ஆரோக்கியமான பூனைக்குக் குளியல் பெரும்பாலும் தேவையே இல்லை. குளியலைவிடச் சீப்புக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். நீள ரோமம் என்றால் தினமும், குட்டை ரோமம் என்றால் வாரம் ஒரு முறை. மேலே பிரஷ் ஓட்டிவிட்டு, உலோகச் சீப்பை அடிவரை விட்டுப் பாருங்கள், பிரஷ் மேலே வழுக்கிப் போகும்போது அடியில் சிக்கு அப்படியே இருக்கும். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள், பூனைத் தோல் மெல்லியது, சிக்கோடு மேலே இழுபட்டு வந்து கத்தரியில் மாட்டிக்கொள்ளும். மேல் ரோமமும் அதற்கு அடியில் மென்மையான அடி ரோமமும் உள்ள இரட்டை ரோம நாய்களுக்கு வெயில் காலத்தில் மொட்டையடிப்பதும் சரியில்லை, அடி ரோமத்தைச் சீவி எடுத்தாலே காற்று உள்ளே போகும்.

நகம் வெட்டுவதில் நான் ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் ஒரு சாயந்திரம் நாயின் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், ரத்தம் வந்தது, அது கத்தியது, அதற்குப் பிறகு மூன்று மாதம் கையில் கட்டரைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். வெள்ளை நகத்தில் உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதிதான் ரத்தக்குழாயும் நரம்பும். கறுப்பு நகத்தில் அது தெரியாது, ஆகவே நுனியை மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே வந்து, வெட்டிய முகத்தின் நடுவில் கருமையான புள்ளி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ரத்தத்தை நிறுத்தும் பொடி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சோள மாவை வைத்து அழுத்திப் பிடிக்கலாம். என் நாயை நான் திரும்பப் பழக்கியது இப்படித்தான்: முதல் வாரம் கட்டரைத் தரையில் வைத்துவிட்டு அது வந்து மோந்தால் ஒரு தின்பண்டம், அடுத்த வாரம் நகத்தைக் கட்டரால் தொட்டால் ஒன்று, அப்புறம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம். ஒரே நாளில் எல்லா நகத்தையும் முடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பல்லுக்கும் இதே பொறுமைதான். நம் பற்பசை கூடாது, அவற்றுக்குத் துப்பத் தெரியாது, ஃபுளோரைடையும் நுரையையும் முழுங்கும். பிராணிகளுக்கான பேஸ்டை முதலில் விரலில் வைத்து நக்கவிடுங்கள், பிறகு பல்லின் வெளிப்பக்கத்தில் மட்டும் தேய்த்தால் போதும், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். பல்லுக்கு நல்லது என்று விற்கிற மெல்லும் குச்சிகளில் விஓஎச்சி முத்திரை இருக்கிறதா பாருங்கள், கால்நடைப் பல் நலக் குழு ஆய்வு முடிவுகளைப் பார்த்துத் தருவது அது. மெல்லுவதற்குக் கொடுப்பதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றாவது பதிய வேண்டும், கல் மாதிரி இருந்தால் நாயின் பல் உடையும். வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பூனைக்கு நூல், ரிப்பன், கம்பளி நூல் போன்றவற்றை விளையாடி முடித்ததும் எடுத்துப் பூட்டி வையுங்கள். விழுங்கிய நூல் ஆசனவாயில் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும்.

பிராண்டும் தூணைக் குட்டையாக வாங்குகிறவர்கள் அதிகம். பூனை முன்கால்களை முழுக்க நீட்டிச் சோம்பல் முறித்தபடி பிராண்ட வேண்டும், அதற்குக் கிட்டத்தட்ட 80, 90 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும், ஒரு முறை ஆடிக் கவிழ்ந்தால் அதைத் திரும்பித் தொடாது. அடிப்பாகம் கனமாக இருக்கட்டும். தூங்கி எழுகிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், சோபாவின் ஓரத்தைத்தான் பிராண்டுகிறது என்றால் அந்த ஓரத்தின் முன்னாலேயே வையுங்கள்.

நாய்க்கு இழுக்கும் பழக்கம் இருந்தால் நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் போடும் வார், உதவும், இரண்டு விரல் உள்ளே போகிற இறுக்கம் சரி. பூனைக்குக் காலர் போட்டால், எங்காவது மாட்டினால் தானாகக் கழன்றுவிடும் வகையை மட்டும் வாங்குங்கள். காலர் தொலையும், தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப் தொலையாது, ஆனால் 15 இலக்க எண் மட்டும்தான் அதில் இருக்கும், உங்கள் தொலைபேசி எண் மாறினால் பதிவேட்டிலும் மாற்றினால்தான் பயன். கேரியரை மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் பரணிலிருந்து இறக்காதீர்கள், உள்ளே ஒரு போர்வையைப் போட்டு எப்போதும் அறையிலேயே திறந்து கிடக்கட்டும், பூனை தானாகப் போய்ப் படுக்க ஆரம்பிக்கும். மேல்பக்கமும் திறக்கிற மாதிரி இருந்தால் இழுத்து வெளியே எடுக்க வேண்டிய அவசியம் இருக்காது.

மருந்துப் பெட்டியில் அதிகம் வேண்டாம்: காஸ் துணி, ஒட்டாத கட்டு, உப்பு நீர்க் கரைசல், மெல்லிய இடுக்கி, டிஜிட்டல் தெர்மாமீட்டர், புண்ணை நக்காமல் தடுக்க, சரியான அளவில் ஒரு கழுத்துக் கூம்பு, மருத்துவரின் எண்ணும் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணும் எழுதிய ஒரு அட்டை. நாய்க்கும் பூனைக்கும் இயல்பான உடல் சூடு ஏறக்குறைய 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம்மைவிடக் கூடுதல், அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது. பூனைக்கு மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், சில மாத்திரைகள் தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒரு எடைக் கருவியும் இருக்கட்டும். மாதம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி நின்று, கழித்து எழுதி வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் அன்றே மருத்துவருக்குப் பேசுங்கள், சில நாள் பட்டினியிலேயே அதன் கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிடும், குண்டான பூனைக்கு இன்னும் சீக்கிரம்.