நியூயார்க் வரும் கொங்குப் பிள்ளைகள் எழுதிவைக்க வேண்டிய படிவம்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து நியூயார்க் மாநிலத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் இளைஞர்கள் வங்கிக் கணக்கையும் வாடகை ஒப்பந்தத்தையும் முதலில் முடித்துவிடுகிறார்கள். ‘ஹெல்த் கேர் ப்ராக்ஸி’ படிவத்தை மட்டும் வயதானவர்களின் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நம் சிகிச்சையைப் பற்றி நாமே முடிவு சொல்ல இயலாத நிலை வந்தால், நமக்காக மருத்துவர்களிடம் பேசி முடிவெடுக்கும் உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதே அந்தப் படிவம். நினைவிழந்தவரின் உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அமெரிக்காவையே உலுக்கிய மூன்று வழக்குகளும் இளம்பெண்களுடையவை. நினைவிழந்தபோது கேரன் குயின்லனுக்கு 21 வயது (1975), நான்சி குரூசனுக்கு 25 (1983), டெரி ஷைவோவுக்கு 26 (1990). ஷைவோ எதையும் எழுதிவைக்காததால், அவருடைய கணவரும் பெற்றோரும் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள்.

படிவம் இல்லாவிட்டால், யார் முடிவெடுக்கலாம் என்று நியூயார்க்கின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் வரிசைப்படி, மணமாகாத, துணையில்லாத பிள்ளைக்காக முடிவெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரையே சேரும். கோடையில் இங்கே மாலை 5 மணிக்கு மருத்துவர் அழைத்தால் கோபிசெட்டிபாளையத்தில் பின்னிரவு 2.30, தூக்கத்திலிருந்து எழுந்த அப்பா, மகனின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வென்டிலேட்டரைப் பற்றி அந்நிய மொழியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தை அவர்மேல் வைக்காதீர்கள்.

யாரை எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். மரியாதைக்காக மூத்த உறவினரை எழுதுவதைவிட, மருத்துவமனைக்கு விரைந்து வரக்கூடியவரும், ஊரிலுள்ள பெற்றோரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லக்கூடியவரும், தமக்குப் பிடிக்காவிட்டாலும் உங்கள் விருப்பத்தையே சொல்லக்கூடியவருமான ஒருவரை எழுதுங்கள். அவர் கிடைக்காதபோது பொறுப்பேற்க மாற்றாள் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரோ நோட்டரியோ தேவையில்லை. 18 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டால் போதும். அறைத் தோழர்களே சாட்சியாகலாம், ஆனால் நியமிக்கப்படுபவரும் மாற்றாளும் சாட்சியாகக் கூடாது.

கையெழுத்தைவிட முக்கியமானது, நியமிக்கப்படுபவரிடம் நீங்கள் மனம்விட்டுப் பேசுவது. குழாய் வழியாக உணவும் நீரும் கொடுப்பது குறித்த உங்கள் விருப்பம் அவருக்குத் தெரிந்திருந்தால்தான் நியூயார்க் சட்டம் அவரை அதில் முடிவெடுக்க விடும். ஆகவே அதைப் பேசிவிட்டு, அவர் அறிவார் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

வீட்டில் சொன்னால், “ஏஞ்சாமி, வாழற வயசுல இதெல்லாம் எதுக்கு எழுதறே?” என்று அம்மா கலங்குவார். அது அன்பின் கலக்கம்; கோபப்படாமல், உங்களுக்குத் தெளிவு இருக்கும்வரை முடிவு உங்களுடையதே என்றும், உங்களால் முடியாது என்று மருத்துவர் தீர்மானித்த பிறகே மற்றவரின் பொறுப்பு தொடங்கும் என்றும் விளக்குங்கள். நீங்கள் நியமித்திருப்பவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெற்றோருக்கு அப்போதே கொடுத்துவிடுங்கள்.

நகல்களை அவரிடமும் உங்கள் மருத்துவரிடமும் கொடுங்கள். அசலை லாக்கரில் பூட்ட வேண்டாம். திருமணம் ஆனாலும் பழைய படிவம் தானாக மாறாது, முன்பு நண்பரை எழுதியிருந்தால் அவர் பெயரே நிற்கும்; துணைவருக்கு அப்பொறுப்பைத் தர விரும்பினால் புதிதாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.