ஆற்றோரப் பூங்காவில் நடக்கும்போது கொஞ்சம் நில்லுங்கள்

நகரத்துக்குள் ஆற்றை ஒட்டிய பூங்காவுக்கு நடக்கப் போகிறீர்களா? விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் பறவை பார்க்க அருமையான நேரம். போகும்போது வேகமாக நடந்துவிடுங்கள். திரும்பும்போது தண்ணீர் தெரியும் ஓர் இடத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, கால்மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைக் கவனியுங்கள். மீன்கொத்தி பறந்துபோனால் ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பி வரும். நீர்க்காகம் சிறகை விரித்தபடி நிற்பதைப் பார்க்கலாம். அதன் இறகுகள் தண்ணீரில் நனைந்துவிடும், அதனால்தான் காயவைக்கிறது. அந்த நேரத்தில் கிட்டே போய் விரட்டாதீர்கள், பாவம்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 போதும். 8 என்பது பெரிதாக்கும் மடங்கு, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும்.

அப்புறம், வாத்துகளுக்கு ரொட்டி போடாதீர்கள். அதில் அவற்றுக்கு வேண்டிய சத்து இல்லை, மிச்சம் தண்ணீரையும் கெடுக்கும். ஆற்றின் மேல்பகுதியில் மழை பெய்திருந்தால் தண்ணீர் ஏறி வரலாம், கரையோரத் தாழ்வான பாதையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.