தண்டல் பாக்கியை நீங்கள் கட்டாதீர்கள்

வட சென்னையில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (கோயில் வட்டாரத்தின்) ஏழைக் குடும்ப உதவிக் குழுவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். போன மாதம் நாலு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இரண்டாவது கூட்டத்திலேயே நான் அன்று அடித்த அதே கூத்தை ஆரம்பித்துவிட்டார்கள். உதவி வாங்குகிறவரை நிறுத்திப் போட்டோ எடுக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். நாங்கள் செய்கிற மற்ற தவறுகள் இவை.

அரிசி மூட்டை

2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். நாமும் அரிசியே கொடுத்தால் அது பக்கத்துக் கடைக்குப் போய் எண்ணெயாகத் திரும்பும். என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள்.

தண்டல் கடனை அடைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா கூட்டம் முடிகிற நேரத்தில் வந்து அழுதார். தண்டல்காரர் வாசலில் நின்று கத்துகிறாராம். வாங்கியது 10,000. அதில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500தான் கைக்கு வந்திருக்கிறது. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 38 நாள் கட்டியிருந்தார். பாக்கி 6,200. ஜூனில் பிள்ளைகளின் நோட்டுக்கென்று குழு வைத்திருந்த பணத்திலிருந்து அதை அப்படியே கொடுக்க வைத்தவன் நான். பொருளாளர் வேண்டாம் என்றார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டியை முதல் நாளே பிடித்தாயிற்று. முன்கூட்டி அடைத்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 62 நாள் அலைந்து வாங்க வேண்டியது தண்டல்காரருக்கு ஒரே நாளில் கிடைத்தது. அடுத்த வாரமே 15,000 நீட்டினார், அக்காவும் வாங்கினார். வாங்காமல் என்ன செய்வார்? கணவருக்குத் தனியாரிடம் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கடன் எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு அவரோடு நானும் போயிருக்கலாம். டயாலிசிஸ் அதில் வரும். தினசரி நூறை அவரே கட்டட்டும் என்று விட்டு, மளிகையை நாம் பார்த்திருந்தால் புதுக்கடனும் வந்திருக்காது.

அடுத்த ஞாயிறு ஏழு பேர் தண்டல் அட்டையோடு வந்து நின்றார்கள். அதில் இரண்டு அட்டை அந்த வாரம்தான் போட்டது!

மிரட்டல் என்றால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனுக்குக் கடன் வாங்கியவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

தனியாக வீடு பார்க்கப் போவது

1833இல் பாரிசில் தொடங்கிய, ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற வின்சென்ட் தே பவுல் சபையில் இருவராகப் போவதுதான் வழக்கம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் கண்ணுக்கு அடுப்பு பற்றவில்லை என்பது தெரியும்.

பூசைக்கு வருகிறார்களா என்று பார்ப்பது

வேண்டாம்.

பெரும்பாக்கம் போனவர்களைப் பட்டியலில் அடிப்பது

கரையோர வீட்டை இடித்து ஊரின் மறுகோடியில் இருக்கிற பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு அனுப்பியதும் ‘இப்போது நம் பங்கு இல்லையே’ என்கிறார்கள். வேலை இங்கே, வீடு அங்கே என்று ஆகிற அந்த முதல் சில மாதங்களில்தான் கை மிகவும் வறளும். அந்தப் பெயர்களுக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் வாங்கிப் பார்க்கலாம்.