"எந்த ரகம் நல்லது?": விவசாயக் குழுவில் கருத்துக் கேள்வி வந்தால் அட்மின் செய்ய வேண்டியவை

வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து விவசாயிகளும் வேளாண்மை படித்தவர்களும் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களுக்கான குறிப்பு இது. குழு தொடங்குவதும் ஆள் சேர்ப்பதும் தெரிந்ததுதான். சிக்கல் வருவது, "மல்லாட்டையில (நிலக்கடலையில) எந்த ரகம் நல்லது?" என்று ஒருவர் கேட்கும்போது. "கதிரி 6", "டிஎம்வி 7 தான்", "விஆர்ஐ 8 போடுங்க" என்று பெயர்களாக வந்து குவியும். எதை வைத்து விதை வாங்குவது என்று கேட்டவருக்குக் கடைசிவரை தெரியாது. அதற்காகக் கேள்வியை நீக்கிவிடாதீர்கள். பட்டம், அதாவது விதைக்கும் பருவம், தவறினால் நஷ்டம் அவருக்குத்தான்.

முதலில் கேள்வியைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

"மல்லாட்டைக்கு ஜிப்சம் எப்போ, எவ்வளவு?" என்பது கருத்துக் கேள்வியே இல்லை. தண்ணீர் பாய்ச்சும் இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ, போட்டு மண் அணைக்க வேண்டும். குழுவில் நாலு பேர் வாதாடுவதால் இது கருத்து ஆகிவிடாது. விடையைப் போட்டு முடித்துவிடுங்கள்.

"இலவம்பாடி முள்ளு கத்தரி ருசியா, ஹைபிரிட் கத்தரி ருசியா?" என்பது வெறும் விருப்பம். முள்ளு கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் நாக்குக்கு அது தீர்ப்பு சொல்லாது. அரட்டைக்கென்று தனிக் குழு வைத்து அங்கே அனுப்புங்கள்.

ரகக் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிலத்தையும் நிலைமையையும் பொறுத்து விடை மாறும். அட்மினுக்கு வேலை இங்கேதான்.

பதில் ஓட்டத்தை நிறுத்துங்கள்

வாட்ஸ்அப்பில் "அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்று பூட்டினால் கேட்டவராலும் விவரம் சொல்ல முடியாமல் போகும். சண்டை முற்றினால் மட்டும் பூட்டுங்கள். மற்ற நேரத்தில், "விவரம் வரட்டும், கொஞ்சம் பொறுங்க" என்று கேள்வியை மேற்கோள் காட்டி எழுதினால் போதும். இந்த வேலைக்கு டெலிகிராமே மேல். ஒருவர் ஒரு செய்தி போட்டபின் குறிப்பிட்ட நேரம் பொறுத்தே அடுத்ததைப் போடவிடும் ஸ்லோ மோடை 5 நிமிடத்துக்கு வைக்கலாம், தலைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து வேண்டியதை மட்டும் மூடலாம்.

கேட்டவரையே விரித்துச் சொல்ல வையுங்கள்

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இந்தப் படியில். அட்மினே கேள்வியைத் திருத்தி எழுதிவிடுவார், அது கேட்டவரின் கேள்வியாக இருக்காது. "நல்லது" என்றால் ஒருவருக்கு விளைச்சல், இன்னொருவருக்கு எண்ணெய், மற்றொருவருக்கு வறட்சி தாங்குவது. அதை அவர் வாயால்தான் வாங்க வேண்டும். இப்படி எழுதுங்கள்:

"அண்ணே, கொஞ்சம் விவரம் சொல்லுங்க. செம்மண்ணா, களியா? கிணத்துத் தண்ணியா, மானாவாரியா? எந்தப் பட்டம்? போன தடவை போட்டதுல என்ன குறை?"

நான்குக்கு மேல் கேட்காதீர்கள், ஆள் பேசாமல் போய்விடுவார். நாலாவது கேள்விதான் முக்கியம். அதற்கு இப்படி ஒரு பதில் வரும்: "செம்மண்ணு, கிணறு இருக்கு, ஆடிப்பட்டம். பிடுங்குற நேரத்துல மழை புடிச்சிக்குது, காய் நெலத்துலயே மொளைக்குது."

இப்போது கேள்வியே வேறு. படராமல் நிமிர்ந்து வளரும் கொத்து ரகங்கள் பலவற்றில் விதை உறக்கம், அதாவது முற்றிய விதை சில காலம் முளைக்காமல் இருக்கும் தன்மை, கிடையாது. ஆடியில் விதைத்தால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் போய் மாட்டும், ஈரம் பட்டதும் காய் முளைவிடும். "விதை உறக்கம் உள்ள ரகம் எது, விதைப்பை எத்தனை நாள் தள்ளலாம்?" என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலேயே கேட்டுவிடலாம். ஆளுக்கொரு கருத்து சொல்ல அதில் இடமில்லை.

பதிலுக்கும் விதி வேண்டும்

வெறும் பெயர் பதில் ஆகாது. சொந்த நிலத்தில் போட்டதா, ஆராய்ச்சி நிலையம் சொன்னதா என்று அடிப்படையோடு வர வேண்டும். 2010-இல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (Stack Exchange) என்ற இணையக் கேள்வி-பதில் தளங்கள் கருத்துக் கேள்விகளுக்கு வகுத்த ஆறு வழிகாட்டுதல்களிலும் இது உண்டு: கருத்துக்குப் பின்னால் தகவலோ அனுபவமோ இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அளவு ஒரு பெரிய தொல்லை. "20 மூட்டை எடுத்தேன்" என்பார் ஒருவர், "எனக்கு 15 தான்" என்பார் மற்றவர், ரகத்தின் மேல் பழி விழும். முதலாமவர் சொன்னது காணிக்கு, இரண்டாமவர் சொன்னது ஏக்கருக்கு. காணி 1.32 ஏக்கர், ஆக இரண்டும் ஏறக்குறைய ஒரே விளைச்சல். மூட்டை எடையும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் "ஏக்கருக்கு எத்தனை கிலோ, காய்ந்த காயா, பச்சைக் காயா" என்று கேட்டு வாங்கிய பிறகே ஒப்பிட விடுங்கள்.

விதைக்கடை, உரக்கடை வைத்திருப்பவர்கள் பதில் சொல்லட்டும். அவர்களுக்குத் தெரிந்தது நிறைய. ஆனால் "நான் கடை வைத்திருக்கிறேன்" என்பது முதல் வரியில் வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரகத்துக்கு வாக்கெடுப்பு வைக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் யார் எதற்குப் போட்டார் என்று தெரியும், ஊரில் மதிப்பான ஒருவர் போட்ட பக்கமே மற்றவர்களும் சாய்வார்கள். டெலிகிராமில் பெயர் மறைத்து வைத்தாலும், அந்த வருஷம் கடையில் எந்த விதை கிடைத்தது என்பதைத்தான் எண்ணிக்கை காட்டும்.

முடித்து வைப்பது

இரண்டு மூன்று நாளில் பதில்களைத் தொகுத்து, "இந்த மண், இந்தப் பட்டம், இந்தக் குறைக்கு இது" என்று ஐந்தாறு வரியில் எழுதி, குழுவின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் இந்த 'பின்' அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். அடுத்த பட்டத்துக்கு வேண்டுமென்றால் தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

பிறகு சேர்த்தவை

குரல் பதிவாக வரும் பதில்களைத் தேடி எடுக்க முடிவதில்லை என்று சில அட்மின்கள் சொன்னார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ரகம், மண், கிலோ மூன்றையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

படித்தவர்கள் இருவர் மோதிக்கொண்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். "யார் சரி?" என்று கேட்காதீர்கள். "ஐயா, எந்த நிலைமையில் உங்க பதில் பொருந்தாது?" என்று இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் "தண்ணீர் குறைந்தால்" என்பார், மற்றவர் "மழை முந்தினால்" என்பார். அந்த இரண்டு வரியையும் தொகுப்பில் அப்படியே சேர்த்துவிடுங்கள்.