ரைடு ஃபிலிம், லேசர் டிஸ்க் கையில கிடைச்சா தயவுசெஞ்சு இதெல்லாம் செய்யாதீங்க

படத்துக்கு ஏத்த மாதிரி சீட்டு ஆடுற பழைய சிமுலேட்டர் ரைடோட ஃபிலிம் ரோலோ, தீம் பார்க்ல ஓடின லேசர் டிஸ்க்கோ (டிவிடிக்கு முன்னாடி வந்த பெரிய வீடியோ தட்டு) கையில சிக்கினா அநேகமா எல்லாரும் செய்யிற முதல் வேலை, அத ஓட்டிப் பாக்கிறதுதான். ஆசை இருக்கும், இல்லாம எப்படி. ஆனா அந்த முதல் ஓட்டத்துலயே நிறைய பிரிண்ட் போயிடுது. அந்தக் காலத்துல தியேட்டர் பிரிண்ட் ஒரு நாளைக்கு நாலஞ்சு ஷோ ஓடும். ரைடு பிரிண்ட் அப்படி இல்ல, அஞ்சு நிமிஷ படம் காலையில பார்க் தொறந்ததுல இருந்து ராத்திரி மூடுற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடும், நிறைய இடத்துல தலையையும் வாலையும் ஒட்டி லூப்பா போட்டுத்தான் ஓட்டுவாங்க, அதனால உங்க கைக்கு வரும்போதே ஓரத்து ஓட்டையெல்லாம் தேஞ்சு, ஒட்டு போட்ட இடமெல்லாம் காஞ்சு போயிருக்கும். அதுல அசிடேட்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச ஃபிலிம்னா வயசாக ஆகச் சுருங்கவும் செய்யும். 1 சதவிகிதத்துக்கு மேல சுருங்கின ஃபிலிம புரொஜெக்டர் பல்லுல மாட்டினா ஓட்டை வரிசையா கிழிஞ்சுக்கிட்டே போகும். நீங்க சுவிட்ச அணைக்கிறதுக்குள்ள ஒரு சீனே போயிருக்கும்.

இது ஏன் இவ்ளோ பெரிய நஷ்டம்னா, இந்தப் படங்க கடையில வித்த சாமான் கிடையாது. பார்க்குக்கு மட்டும் அடிச்ச பிரிண்ட், தேஞ்சா திருப்பி அனுப்புவாங்க இல்லன்னா அழிச்சிடுவாங்க. டிஸ்னிலேண்ட்ல 1987ல தொறந்த ஸ்டார் டூர்ஸ் ரைடு முதல்ல 70எம்எம் ஃபிலிம்லதான் ஓடுச்சு, 2011ல அத முழுசா டிஜிட்டல் 3டிக்கு மாத்திட்டாங்க. நம்ம மலேசியா பக்கமே பாருங்க, கெந்திங் மலையில இருந்த அவுட்டோர் தீம் பார்க்க 2013ல மூடினாங்க, அந்த இடத்துல ஸ்கைவேர்ல்ட்ஸ் 2022லதான் தொறந்துச்சு. இந்த மாதிரி ஒரு பார்க் மூடினா பெரிய மெஷினுக்கு ஆள் வருவாங்க, டப்பாவுல கிடக்கிற ஃபிலிமுக்கு யாரும் வர மாட்டாங்க. அதெல்லாம் எங்கேயோ ஒரு ஸ்டோர்ல கிடந்து, அப்புறம் பழைய சாமான் கடை, அம்கோர்ப் மால் சந்தை, பினாங்கு லோரோங் குலிட்னு எங்க வேணும்னாலும் தலை காட்டலாம். கண்ணுல பட்டா வாங்குங்க, ஆனா வாங்கினதும் ஓட்டாதீங்க.

ஓட்டாம என்ன பாக்கிறது? முதல்ல மோந்து பாருங்க. டப்பாவத் தொறந்ததும் வினிகர் வாடை அடிச்சா அது அசிடேட், கெட ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் ரோலத் தூக்கி லைட்டுக்கு நேரா புடிச்சு பக்கவாட்டுல பாருங்க, வெளிச்சம் ஊடுருவி வந்தா பாலியெஸ்டர்ங்கிற இன்னொரு பிளாஸ்டிக், இருட்டா இருந்தா அசிடேட். பாலியெஸ்டருக்கு வினிகர் வியாதி வராது, ஆனா அது லேசுல கிழியவும் கிழியாது, எங்கயாவது சிக்கினா ஃபிலிம் அறுந்து காப்பாத்துறதுக்குப் பதிலா புரொஜெக்டர் பாகம்தான் உடையும். கலர் நல்லா இருக்கு, அதனால ஃபிலிமும் நல்லா இருக்குன்னு நினைக்கிறதும் தப்பு. 80கள்ல வந்த பிரிண்ட் ஸ்டாக்ல கலர் அவ்ளோ சீக்கிரம் மங்காது, படம் பளிச்சுனு இருக்கும்போதே கீழ இருக்கிற பிளாஸ்டிக் கெட்டுக்கிட்டு இருக்கும். மூக்க நம்ப முடியலன்னா ஏ-டி ஸ்ட்ரிப்னு சின்னச் சின்ன பேப்பர் துண்டு கிடைக்குது, மூடின டப்பாவுக்குள்ள ஒரு நாள் வச்சா நீலத்துல இருந்து பச்சை, மஞ்சள்னு மாறும். மஞ்சள் பக்கம் போகப் போக நிலைமை மோசம்.

இப்ப நம்ம ஊர்ல எல்லாரும் செய்யிற தப்புக்கு வர்றேன், ஏன்னா வெளிநாட்டுக்காரன் எழுதுற புத்திமதியில இது வராது. அசிடேட் ஃபிலிம் 21 டிகிரி, 50 சதவிகித ஈரப்பதத்துல இருந்தா வினிகர் வாடை ஆரம்பிக்க சுமார் 40 வருஷம் ஆகும்னு அமெரிக்காவுல இருக்கிற இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் கணக்கு போட்டு வச்சிருக்கு. கோலாலம்பூர்லயும் பினாங்குலயும் பகல்ல 32, 33 டிகிரி, ஈரப்பதம் வருஷம் பூரா 80 கிட்ட, அப்ப அந்த 40 வருஷம் எவ்ளோ குறையும்னு யோசிச்சுக்கோங்க. இதுக்குப் பயந்து ரூம்ல ஏர்கோன் போடுவாங்க, சரி, ஆனா ஆள் இருக்கும்போது போட்டுட்டு தூங்கப் போகும்போது அணைச்சிடுவாங்க, குளிர்ந்த ஃபிலிம் மேல ஈரக் காத்து வந்து படியும், மறுநாள் திரும்பக் குளிரும், இப்படி ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி வைக்கிறது ஒரே சூட்டுல விடுறத விட மோசமாப் போகலாம், பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். கேமராக்காரங்க வச்சிருக்கிற, ஈரத்த உறிஞ்சுற ட்ரை கேபினெட் இருக்கு பாருங்க, அதுல ஈரப்பதத்த 40 சதவிகிதத்துல வச்சு விட்டா நல்லது, வாங்குறதுக்கு முன்னாடி 70எம்எம் ரீல் உள்ள போகுமான்னு மட்டும் அளந்துக்கோங்க. பிரிட்ஜ்ல வைக்கிறவங்க ரெண்டு ஜிப் பை போட்டு காத்து இல்லாம மூடுங்க, வெளிய எடுத்தா உடனே பிரிக்காதீங்க, பை வெளிச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் நாள் முழுக்கக் கூட காத்திருங்க, இல்லன்னா ரெண்டு நிமிஷத்துல ஃபிலிம் மேல தண்ணி முத்து முத்தா நிக்கும். வினிகர் வாடை வந்த ரோல பிரிட்ஜ்ல வைக்காம வெளிய வச்சிருந்தா இறுக்கமான இரும்பு டப்பாவுல அடைக்காதீங்க, அந்த ஆவியே அத இன்னும் வேகமா கெடுக்கும், பக்கத்துல இருக்கிற நல்ல ரோலையும் தொத்தும். தனியா, காத்து போற டப்பாவுல வைங்க.

கீழ் மாடி ஸ்டோர் ரூம்ல தரையில வைக்கிறதையும் விட்டுடுங்க. 2017 நவம்பர்ல பினாங்கு, 2021 டிசம்பர்ல ஷா ஆலாம், கிள்ளான் பக்கம், வெள்ளம் எவ்ளோ உயரம் வந்துச்சுன்னு நமக்கே தெரியும். அப்படி ஃபிலிம் நனைஞ்சே போச்சுன்னா வெயில்ல காயப் போடாதீங்க. நனைஞ்ச ரோல் காஞ்சா சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரிச்சா படம் உரிஞ்சு வந்துடும். சுத்தமான குளிர்ந்த தண்ணியிலயே முக்கி வச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டு போங்க.

சுத்தம் பண்றதுல ஒரு குழப்பம் இருக்கு. ஃபிலிமுக்கு ஒரு நியாயம், டிஸ்க்குக்கு வேற நியாயம். பூஞ்சை புடிச்ச ஃபிலிம ஈரத் துணியால தொடைக்கவே கூடாது, பூஞ்சை படம் பதிஞ்சிருக்கிற ஜெலட்டின் படலத்தத் தின்னு இளக்கி வச்சிருக்கும், தண்ணி பட்டதும் படம் துணியோட வந்துடும். லேசர் டிஸ்க்குக்கு தண்ணி பிரச்சனை இல்ல, லேசா சோப்பு கலந்து நடுவுல இருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டுல தொடைக்கலாம், ஆனா அதுல ஆல்கஹால் ஊத்தாதீங்க. டிஸ்க் அக்ரிலிக்ல செஞ்சது, ஆல்கஹால் பட்டா நுணுக்கமா விரிசல் விழ வாய்ப்பு இருக்கு.

எனக்கு ரொம்ப மனசு வலிக்கிறது ஒண்ணு இருக்கு, சாமான்களப் பிரிச்சு விக்கிறது. ரைடுங்கிறது வெறும் படம் இல்ல. 1986ல வந்த கேப்டன் இஓ மாதிரி 3டி படத்துக்கு இடது கண்ணுக்கு ஒரு பிரிண்ட், வலது கண்ணுக்கு ஒரு பிரிண்ட், ரெண்டும் சேர்ந்து ஓடினாத்தான் 3டி. ஒரே மாதிரிதான இருக்குன்னு ரெண்டையும் ரெண்டு பேருக்கு வித்தா கதை முடிஞ்சுது, திரும்ப ஜோடி சேர்க்கவே முடியாது. சில பிரிண்ட்ல சத்தம் ஃபிலிம் ஓரத்துலயே காந்தப் பட்டையா இருக்கும், சிலதுல ஃபிலிம்ல டைம்கோட்னு நேரக் குறி மட்டும்தான், சத்தம் தனியா சிடியில. சீட்டு எந்த நொடியில எந்தப் பக்கம் சாயணும்ங்கிற கணக்கு ஃபிளாப்பியிலயோ சின்ன சிப்புலயோ இருக்கும், அதத்தான் குப்பைன்னு முதல்ல தூக்கிப் போடுறாங்க. லீடர்ல, அதாவது ரோலோட தொடக்கத்துல இருக்கிற படமில்லாத ஃபிலிம்ல, கையெழுத்துல கிறுக்கியிருக்கிறது, டப்பா மேல ஒட்டின பேப்பர், ஃபிலிம் ஓரத்துல இருக்கிற வட்டம் முக்கோணம் மாதிரி கோடாக் அடையாளம், இதெல்லாம் அது எந்த ரீல், அந்த ஸ்டாக் எந்த வருஷம் தயாரானதுன்னு சொல்ற சாட்சி. லீடர் அழுக்கா இருக்குன்னு வெட்டாதீங்க. விட்டுப் போன ஒட்டுல செல்லோடேப் ஒட்டாதீங்க, பசை கசிஞ்சு அடுத்த சுத்துலயும் ஒட்டிக்கும். அந்த ரைட ஓட்டின டெக்னீஷியன் யாராவது தெரிஞ்சவங்களா இருந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்காத்தி வச்சு எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணிக்கோங்க.

லேசர் டிஸ்க்குக்கு வருவோம். பளபளன்னு இருக்கிறதால டிவிடி மாதிரி டிஜிட்டல்னு நினைச்சுக்கிறாங்க. அதுல படம் அனலாக். அதனால மலிவான யுஎஸ்பி கேப்சர் கருவியில சொருகி ஒரு எம்பி4 எடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு டிஸ்க்கக் குடுத்துடாதீங்க. தீம் பார்க்குல சிஏவிங்கிற வகை டிஸ்க் ரொம்ப உதவுச்சு, ஒரு சுத்துக்கு ஒரு பிரேம், அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சில ஒரு பக்கத்துக்கு 54,000 பிரேம், எந்த பிரேமுக்கு வேணும்னாலும் மெஷின் தானா தாவும். அந்த பிரேம் நம்பரெல்லாம் திரையில தெரியாத வரிகள்ல ஒளிஞ்சிருக்கு, சாதாரண கேப்சர்ல அது காணாமப் போயிடும். இப்ப டோம்ஸ்டே டூப்ளிகேட்டர்னு ஒரு சின்ன போர்டு இருக்கு, பிளேயரோட லேசர் படிக்கிற சிக்னல அப்படியே எடுத்து வச்சிடும், அப்புறம் எல்டி-டிகோட்னு இலவச சாஃப்ட்வேர் அதப் படமா மாத்தும். ஒரே டிஸ்க் நாலு இருந்தா நாலையும் எடுத்து, ஒண்ணுல இருக்கிற புள்ளிய இன்னொண்ணால நிரப்பவும் முடியும், அதனால கூடுதல் காப்பிதானேன்னு வீசாதீங்க. ஓரமெல்லாம் புள்ளி புள்ளியா வந்து படத்துல மினுமினுன்னு தெரிஞ்சா டிஸ்க் அழுக ஆரம்பிச்சிருச்சு, உள்ள இருக்கிற அலுமினியம் துருப் புடிக்குது, அத நிறுத்த வழி இல்ல, அதத்தான் முதல்ல எடுக்கணும்.

பிளேயர்ல போடுறதுக்கு முன்னாடி பழைய கராவ்கே டிஸ்க் ஒண்ணு போட்டுப் பாருங்க, அது நம்ம ஊர்ல இன்னும் கிடைக்கும். பயனியர் பிளேயர் தயாரிக்கிறத 2009லயே நிறுத்திட்டாங்க, இருக்கிறதெல்லாம் உள்ள ரப்பர் இளகின மெஷின், டிஸ்க்ல கீறல் போடுதான்னு கராவ்கே டிஸ்க்லயே தெரிஞ்சிடும். உறையோட பெட்டிக்குள்ள அடைச்ச மாதிரி வர்ற சோனியோட ரெக்கார்டபிள் டிஸ்க் வேற ஜாதி, அது சாதாரண பிளேயர்ல ஓடாது, பெட்டிய உடைச்சு வெளிய எடுக்காதீங்க.

ஃபிலிம ஸ்கேன் பண்ணக் குடுக்கும்போது வேகத்தையும் ஓட்டைக் கணக்கையும் எழுதிக் குடுங்க. டக்ளஸ் ட்ரம்புல் உருவாக்கின ஷோஸ்கேன் முறையில நொடிக்கு 60 பிரேம், ஐமேக்ஸ் ஃபிலிம் கிடைமட்டமா ஒரு பிரேமுக்கு 15 ஓட்டை, எல்லாத்தையும் நொடிக்கு 24ன்னு நினைச்சு ஃபைல் குடுத்தா 60 பிரேம் ரைடு ஸ்லோமோஷன்ல ஊர்ந்து போகும். ஏஐ வச்சு பளிச்சுன்னு ஆக்கின வீடியோவ மட்டும் வச்சுக்கிட்டு ஸ்கேன் பண்ண ஒரிஜினல அழிக்காதீங்க. எஃப்எஃப்வி1 மாதிரி தரம் குறையாத ஃபைலா, மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுல.

எங்க கேக்கிறதுன்னா, ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம்ல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகம் ஆர்கிப் நெகாரா, உலு கிள்ளான்ல தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஃபினாஸ், அப்புறம் தென்கிழக்காசிய ஆவணக் காப்பகங்க சேர்ந்து 1996ல ஆரம்பிச்ச சீபாவா, இவங்களுக்கெல்லாம் போட்டோ எடுத்து விவரத்தோட எழுதலாம். ஆன்லைன்ல முழுப் படத்தையும் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிதானிங்க, ரோல காசு குடுத்து வாங்கினாலும் படத்தோட காப்புரிமை உங்களுக்கு வராது, நம்ம நாட்டு 1987 காப்புரிமைச் சட்டப்படி படத்துக்கு 50 வருஷம், 90கள்ல வந்த ரைடு படமெல்லாம் 2040க்கு மேலதான் விடுபடும்.