வாளியில் மட்கு உரம்: சருகுதான் பாதி வேலை

வீட்டில் மட்கு உரம் தயாரிக்கத் தொடங்குவோர் பலர், காய்கறிக் கழிவை மட்டும் வாளியில் கொட்டி மூடிவைத்து, ஒரே வாரத்தில் கிளம்பும் நாற்றத்தைத் தாங்காமல் கைவிட்டுவிடுகிறார்கள். கழிவை மட்கச்செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கென்றால் கரிமச்சத்து (கார்பன்) 25 முதல் 30 பங்கு வரை தேவை. காய்கறித் தோலில் ஈரமும் தழைச்சத்துமே மிகுதி. குறையும் கரிமத்தை ஈடுசெய்வது காய்ந்த சருகு. எனவே வாளி வாங்குமுன் ஒரு சாக்கு நிறையச் சருகு சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவில் கூட்டிக் கொளுத்தப்படும் வேம்பு, புங்கை இலைகளே போதும். அவற்றை எரிப்பதைப் பார்க்கையில் மனம் பதைக்கிறது. சருகு கிடைக்காதவர்கள் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தலாம்.

20 லிட்டர் வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, அடியில் நான்கு விரற்கடை உயரம் சருகு பரப்புங்கள். அன்றாடக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதைப்போல் இருமடங்கு சருகால் மூடி, வாரம் ஒருமுறை புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்து, அடிவரை கிளறிவிட வேண்டும். சோறு, எண்ணெய்ப் பண்டம், மீன், எலும்பு ஆகியவை எலியை வரவழைக்கும் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

ஈரத்தை அறியக் கைதான் சிறந்த கருவி. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். நீர் ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள், பிடி உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். எறும்பு மொய்த்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருள். தடித்த புழுக்கள் நெளிந்தால் அருவருக்க வேண்டாம், அவையும் கழிவைத் தின்று மட்கச்செய்பவையே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாளியைக் கூரைக்கடியில் வையுங்கள்.

பெருங்குவியலில் எழுவதுபோன்ற வெப்பம் சிறு வாளியில் எழுவதில்லை. ஆகவே தக்காளி, பூசணி விதைகள் சாகாமல் பின்னர் தொட்டியில் முளைக்கும், நோயுற்ற செடியைப் போட்டால் நோயும் தங்கிவிடக்கூடும்.

இரண்டு மூன்று மாதங்களில் கழிவு கறுத்து, அளவு வெகுவாகச் சுருங்கி, மண்வாசம் வீசும். சலித்த உரத்தை மண்ணோடு கலந்து அதில் கொஞ்சம் கீரை விதை தூவிப் பாருங்கள். முளை கருகினால் உரம் இன்னும் முதிரவில்லை, மேலும் சில வாரம் விட்டுவையுங்கள். நன்கு முளைத்தால் மண், நார்க்கழிவு, உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து தொட்டிகளை நிரப்பலாம்.